பிரெடரிக் சேங்கர்: இரண்டு நோபல், மூன்று பிள்ளைகள், ஒரு தோட்டம்

பியூரெட் வாத்தியார் | ஆகஸ்ட் 13, காலை 6:40

இன்று சேங்கரின் பிறந்த நாள். செய்தித்தாளில் ஒரு வரி இருக்குமா என்று பார்த்தேன், இல்லை. நாமாவது பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆண்டுதோறும் புரதப் பாடத்தில் 'சேங்கர் வினைபொருள்' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வாய்பாட்டை எழுதி, மஞ்சள் நிறம் வரும் என்று சொல்லி, ஐந்து மதிப்பெண் கேள்வி என்று எச்சரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தப் பெயருக்குள் ஒரு மனிதர் இருந்தார் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

1918 ஆகஸ்ட் 13 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை மருத்துவர், சீனாவில் சமயப்பணி மருத்துவராக இருந்து உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர், பின்பு போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் நெறிக்கு மாறியவர். தாய் பருத்தி ஆலைச் செல்வக் குடும்பத்துப் பெண். மகன் கேம்பிரிட்ஜில் படிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இருவரையும் புற்றுநோய் கொண்டுபோனது. இருபது வயதுப் பையனுக்கு அது என்ன செய்திருக்கும் என்று அவர் விரிவாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. தன்னைப் பற்றிச் சுருக்கமாகவே பேசுகிற ஆள்.

அந்தக் காலத்தில்தான் போர் எதிர்ப்பு அறிவியலாளர் குழு ஒன்றில் ஜோன் ஹவ் என்ற பொருளாதார மாணவியைச் சந்தித்தார். 1940 டிசம்பரில் திருமணம். போரில் ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனச்சான்றின் பேரில் மறுத்தார். தீர்ப்பாயம் விலக்கு அளித்தது. சிறிது காலம் மருத்துவமனையில் எடுபிடி வேலை செய்தார். பிறகு ஆய்வு. 1943-இல் லைசின் என்ற அமினோ அமிலம் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். அதே ஆண்டு முதல் மகனும் பிறந்தான். 1946-இல் இரண்டாமவன். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1960-இல் ஒரு மகள். முதல் நோபல் 1958, இரண்டாவது 1980. நடுவில் ஒரு கைக்குழந்தை!

இரண்டும் வேதியியலுக்கான நோபல். 'ஆய்வகத்தில் எதையாவது குடைந்துகொண்டிருந்த ஆள்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

உங்களில் யாருக்காவது அவருடைய முறைகளோடு நேரடிப் பழக்கம் உண்டா?

---

முதுகலை இரண்டாமாண்டு | காலை 7:25

வணக்கம் ஐயா. இன்சுலினைக் கண்டுபிடித்தவர் இவர்தானே? என் பாட்டி தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அதனால்தான் பெயர் நினைவில் நின்றது.

---

பியூரெட் வாத்தியார் | காலை 7:58

இல்லை தம்பி. இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921-இல், டொராண்டோவில், பான்டிங்கும் பெஸ்டும். அப்போது சேங்கருக்கு மூன்று வயது. இன்சுலின் ஒரு புரதம், அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சங்கிலி. அதற்குள் எந்த அமினோ அமிலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் காட்டியது சேங்கர்.

இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் 1940-களில் புரதத்துக்கு உறுதியான வரிசை உண்டு என்பதே எல்லோரும் ஒத்துக்கொண்ட செய்தி இல்லை. ஏதோ ஒரு கலவை, சராசரியாக இத்தனை விழுக்காடு இது, இத்தனை விழுக்காடு அது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். சிலர் அமினோ அமிலங்கள் கோலப்புள்ளிகளைப் போலச் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

சேங்கர் இன்சுலினை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் கவித்துவமானது இல்லை. தூய்மையாகவும் தாராளமாகவும் கிடைத்த புரதங்கள் மிகக் குறைவு. இன்சுலின் பூட்ஸ் மருந்து நிறுவனத்திடம் கிடைத்தது, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது.

இனி அந்த ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வருவோம். சேங்கர் வினைபொருள் என்று நான் எழுதிப்போட்ட ஃபுளோரோ டைநைட்ரோ பென்சீன் புரதச் சங்கிலியின் தலையில் இருக்கும் அமினோ தொகுதியைப் பற்றிக்கொள்ளும். (தோலையும் பற்றிக்கொள்ளும். கையுறை இல்லாமல் தொட்டு வாரக்கணக்கில் அரிப்போடு அலைந்த சக ஆசிரியர் ஒருவர் எனக்கு உண்டு.) பிறகு புரதத்தை அடர் அமிலத்தில் கொதிக்கவைத்தால் மற்ற பிணைப்புகள் எல்லாம் உடையும், இந்தப் பிடி பெரும்பாலும் விடாது. மஞ்சளாக நிற்பது எந்த அமினோ அமிலமோ, அதுதான் சங்கிலியின் தலை.

இன்சுலினில் அவருக்கு ஒன்றல்ல, இரண்டு தலைகள் கிடைத்தன. ஒன்று ஃபினைல் அலனின், மற்றது கிளைசின். ஆக, இரண்டு சங்கிலிகள்! கந்தகப் பாலங்களால் கட்டப்பட்டவை. பாலத்தைப் பெர்ஃபார்மிக் அமிலத்தால் உடைத்து, சங்கிலிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக நறுக்கி, வடிதாளில் ஓடவிட்டுப் பிரித்து, துண்டுகளின் ஓரங்கள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று பார்த்துக் கோத்தார்கள். நீண்ட சங்கிலியில் 30, அது 1951-இல் முடிந்தது, உடன் உழைத்தவர் ஹான்ஸ் டப்பி. குட்டைச் சங்கிலியில் 21, அது 1953-இல். பாலங்கள் எங்கெங்கே என்பது 1955-இல். மொத்தம் 51 அமினோ அமிலங்கள், தொடங்கியதிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள். ஆண்டுக்கு நான்கு எழுத்து என்று வைத்துக்கொள்.

உன் பாட்டிக்கும் சேங்கருக்கும் தொடர்பு இருக்கிறது. மாட்டு இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் மூன்று இடங்களில் மட்டுமே வேறுபாடு. வரிசை தெரிந்ததால்தான் 1978-இல் இரண்டு சங்கிலிகளுக்கும் தனித்தனியே மரபணுக்களைச் செயற்கையாகத் தொடுத்து, பாக்டீரியாவுக்குள் வைத்து, மனித இன்சுலினைச் செய்ய முடிந்தது.

---

பழைய ஜெல்காரன் | காலை 9:10

வாத்தியார் கேட்டாரே, நேரடிப் பழக்கம் உண்டா என்று. உண்டு ஐயா. தொண்ணூறுகளில் ஓர் ஆய்வகத்தில் நுட்பப் பணியாளராக இருந்தேன். சேங்கர் முறையில் டி.என்.ஏ. வரிசை படிப்பதுதான் வேலை. முனைவர் பட்டம் எல்லாம் கிடையாது. கை மட்டும்தான்.

இளைஞர்கள் இன்று மாதிரியை அனுப்பிவிட்டு மின்னஞ்சலில் எழுத்துகளை வாங்கிக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு நாள் சடங்கு. இரண்டு பெரிய கண்ணாடித் தகடுகளைச் சோப்பு போட்டுக் கழுவி, எத்தனாலால் துடைத்து, விரல்ரேகை படாமல் காயவைக்க வேண்டும். இடையில் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி. அதற்குள் யூரியா கலந்த அக்ரிலமைடுக் கரைசலைச் சாய்த்து ஊற்ற வேண்டும். அது உறைந்தால்தான் ஜெல். ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் அந்தத் தடம் வளைந்துவிடும். உறையாத அக்ரிலமைடு நரம்புக்கு நஞ்சு. மேலே ஆயிரத்து ஐந்நூறு வோல்ட்டுக்குக் குறையாத மின்சாரம். கதிரியக்கக் கந்தகம். இத்தனைக்கும் நடுவில் மின்வெட்டு வேறு.

எல்லாம் முடிந்து ஜெல்லை உலர்த்தி எக்ஸ்ரே பிலிமின்மேல் வைத்து இரவு முழுதும் மூடிவைப்போம். மறுநாள் காலை இருட்டறைக்குள் போய்ப் பிலிமைக் கழுவும் அந்த மூன்று நிமிடம் இருக்கிறதே! சிவப்பு விளக்கில் கோடுகள் மெல்ல எழும். ஏணிப்படிகளைப் போல, நான்கு தடங்களில். அல்லது ஒன்றும் எழாது. ஒன்றும் எழாத நாள்கள் அதிகம்.

முறை எப்படி என்று கேட்பவர்களுக்கு: டி.என்.ஏ.வுக்கு ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்து. அதை நகலெடுக்கும் நொதி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகும். ரயில் பெட்டிகளை இணைப்பதைப்போல. சேங்கர் நடுவில் கொஞ்சம் பின்கொக்கி இல்லாத பெட்டிகளைக் கலந்துவிட்டார். அது போய்ச் சேர்ந்தால் அடுத்த பெட்டி மாட்டாது, ரயில் அங்கேயே நின்றுவிடும். 'ஏ' எழுத்தில் கொக்கியற்ற பெட்டி கலந்த குழாயில் எல்லா ரயிலும் ஏதாவது ஓர் 'ஏ'-யில் நிற்கும். 'சி', 'ஜி', 'டி'-க்கும் அப்படியே தனித்தனிக் குழாய். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு நீளவாரியாகப் பிரித்தால், குட்டையானது அடியில், நீண்டது மேலே. கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனால் வரிசை. அவ்வளவுதான். 1977-இல் வெளியானது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குச் சிரிப்பு வந்தது. தடுப்பதை வைத்தே படிப்பது!

அவர் ஆய்வில் மூன்று வேலைகள் உண்டு என்று எழுதியிருக்கிறார்: சிந்திப்பது, பேசுவது, செய்வது. தனக்குக் கடைசியானதுதான் பிடிக்கும், அதில்தான் தான் கொஞ்சம் தேறியவன் என்றும் சொல்கிறார். என்னைப் போன்ற கைவேலைக்காரனுக்கு அந்த வரி போதும்.

---

சந்தேகப்பிராணி | காலை 10:02

எல்லாம் சரி. ஆனால் எளிமையானவர், அடக்கமானவர், குடும்பஸ்தர் என்று மாலை போடும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். பணம்.

படிப்பில் தான் சூரன் இல்லை என்றும், உதவித்தொகை எதுவும் வென்றதில்லை என்றும், பெற்றோருக்கு வசதி இல்லாவிட்டால் கேம்பிரிட்ஜில் நுழைந்திருக்கவே மாட்டேன் என்றும் அவரே எழுதியிருக்கிறார். முனைவர் பட்ட ஆய்வைச் சொந்தப் பணத்தில் செய்தார். பருத்தி ஆலைச் சொத்து. அந்தப் பருத்தி எந்த நாடுகளின் வயல்களிலிருந்து போனது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சோற்றுக்குக் கவலை இல்லாதவன் பன்னிரண்டு ஆண்டுகள் 51 எழுத்துகளை எண்ணலாம். அமைதியும் ஒரு சொத்துதான்.

---

பியூரெட் வாத்தியார் | காலை 10:31

மறுக்கவில்லை. அவரும் மறைக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். எத்தனை பேர் தம் வெற்றியின் கணக்கில் அப்பாவின் பணத்தை வரவு வைக்கிறார்கள்?

ஆனால் பணம் இருந்த எல்லாரும் இன்சுலினைப் படித்துவிடவில்லை. சொத்து அவருக்குக் கொடுத்தது தொடக்கம். 1944 முதல் ஆய்வுநிதி, 1951 முதல் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் சம்பளம். முதல் நோபலுக்குப் பிறகு அவருக்கே 'வறண்ட ஆண்டுகள்' என்று சொல்லத்தக்க ஒரு காலம் வந்தது. பெரிய முடிவு எதுவும் கைக்கு வரவில்லை. டி.என்.ஏ.வின் உறவுக்காரப் பொருளான ஆர்.என்.ஏ.வின் வரிசையில் அவர் பெயர் சொல்லும்படியான வேலை 1967-இல்தான், 120 எழுத்துகள். அவர் மறைந்தபோது சக அறிவியலாளர் சிட்னி பிரென்னர் எழுதினார்: இன்றைய அறிவியல் உலகில் ஒரு சேங்கர் பிழைத்திருக்க மாட்டார், இத்தனை ஆண்டுகள் கட்டுரை வராததைப் பார்த்துப் பயனற்றவர் என்று ஒதுக்கியிருப்பார்கள் என்ற பொருளில். அந்த ஆண்டுகளில் அவரை விட்டுவைத்தது சொத்து இல்லை, ஆண்டறிக்கை கேட்டு நச்சரிக்காத ஒரு ஆய்வகம்.

---

காவிரிக்கரையாள் | காலை 11:15

இருவரும் பணத்தைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது.

நோபல் வாழ்க்கைக் குறிப்பில் மனைவியைப் பற்றி எழுதியிருக்கிறார்: அறிவியல் பயிற்சி இல்லாதவராயினும், அமைதியும் மகிழ்ச்சியுமான இல்லத்தைத் தந்ததன் மூலம் தன் பணிக்கு வேறு எவரையும்விட அதிகம் உதவியவர் என்று. இந்த வரியை மேற்கோள் காட்டி உருகாத ஆளே இல்லை. நானும் முதலில் உருகினேன். இரண்டாம் முறை படித்தபோது உறுத்தியது.

ஜோன் ஹவ் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரியான நியூனமில் பொருளாதாரம் படித்தவர். பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கக் கேம்பிரிட்ஜ் தொடங்கியதே 1948-இல். அதுவரை பெண்கள் தேர்வு எழுதலாம், தேறலாம், பெயரளவில் ஒரு பட்டம் அஞ்சலில் வரும். பல்கலைக்கழகத்தின் உறுப்பினர் என்ற உரிமை கிடையாது. அப்படிப் படித்த ஒரு பெண், போருக்கு எதிரான குழுவில் போய் உட்காரும் அளவுக்கு உலகத்தைப் பற்றிக் கருத்து கொண்ட பெண், கடைசியில் வரலாற்றில் எப்படி நிற்கிறார்? 'அமைதியான இல்லம்.'

நான் சேங்கரைக் குறை சொல்லவில்லை. நன்றி சொன்னார், அதுவும் மேடையில் சொல்லவில்லை, எழுத்தில் பதித்தார். ஆனால் நானும் ஓர் ஆய்வகத்தில் மூன்றாண்டு இருந்தவள். திருமணம், மாற்றல், குழந்தை. ஆய்வேட்டின் நான்காம் இயல் இன்னும் ஒரு பெட்டியில் இருக்கிறது. என் வழிகாட்டி அன்று சொன்னது: 'வீட்டில் சமாதானம் முக்கியம் அம்மா.' யாருடைய சமாதானம் என்று கேட்கத் தோன்றாத வயது.

---

சந்தேகப்பிராணி | காலை 11:20

இதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

---

தோட்டத்துப் பச்சை | காலை 11:48

அக்கா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஜோன் என்ன விரும்பினார் என்று நமக்குத் தெரியாதே? அவர் வாயால் வந்த சொல் நம் கையில் இல்லை. அவரை ஒரு தியாகியாக்கினால், அதுவும் அவருக்காக நாம் முடிவெடுப்பதுதான்.

---

காவிரிக்கரையாள் | நண்பகல் 12:05

அதைத்தான் நானும் சொல்கிறேன். அவர் வாயால் வந்த சொல் நம் கையில் இல்லை.

---

மட்டுறுத்துநர் | நண்பகல் 12:30

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெண்கள் ஏன் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தொடங்கிய எதுவும் இந்த இழையில் நிற்காது.

---

பியூரெட் வாத்தியார் | பிற்பகல் 2:15

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காவிரிக்கரையாளின் பதிவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் தாவரவியல் முதுகலை. கல்லூரியில் என்னைவிட நல்ல மதிப்பெண். 'இப்போதாவது கேட்டீர்களே' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போய்த் துடைத்துக் கொடுத்தேன். பேசிக்கொள்ளவில்லை.

---

முதுகலை இரண்டாமாண்டு | பிற்பகல் 3:02

ஐயா, வேதியியலில் இரண்டு முறை நோபல் வாங்கிய ஒரே ஆள் இவர்தான் என்று எங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது. தேர்வில் எழுதலாமா?

---

பழைய ஜெல்காரன் | பிற்பகல் 3:20

எழுதாதே தம்பி. 2022 வரை சரி. அந்த ஆண்டு பாரி ஷார்ப்லெஸ் இரண்டாவது முறை வாங்கிவிட்டார், அவருக்கு முதலாவது 2001-இல். குறிப்பேடு பழையது.

1980-இல் சேங்கருக்குக் கிடைத்தது முழுப் பரிசும் இல்லை, கால் பங்கு. பாதி பால் பெர்க்குக்கு, மீதியில் சரிபாதி வால்டர் கில்பர்ட்டுக்கும் சேங்கருக்கும். கில்பர்ட் குழுவினரும் அதே 1977-இல் வேறொரு முறையைத் தந்தார்கள், டி.என்.ஏ.வை வேதிப்பொருளால் வெட்டிப் படிப்பது. தொடக்கத்தில் பல ஆய்வகங்களில் அதுதான் ஓடியது. ஆனால் சேங்கர் முறையை இயந்திரத்திடம் கொடுப்பது எளிது. நான்கு எழுத்துக்கு நான்கு ஒளிரும் சாயம் ஏற்றினால் கதிரியக்கமும் வேண்டாம், நான்கு தடங்களும் வேண்டாம். 2003-இல் முடிந்த மனித மரபணுத் திட்டத்தின் முந்நூறு கோடி எழுத்துகளும் அடிப்படையில் கொக்கியற்ற பெட்டி வித்தைதான்.

---

சந்தேகப்பிராணி | பிற்பகல் 4:10

காலையில் கடுமையாகப் பேசிவிட்டேன், பரிகாரமாக எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நான் அறிவியல் ஆள் இல்லை, தமிழ் படித்தவன்.

சேங்கர் குழு 1977-இல் ஒரு வைரசின் முழு டி.என்.ஏ.வையும் படித்தது. பெயர் ஃபை எக்ஸ் 174, பாக்டீரியாவைத் தாக்கும் பொடியன். 5,386 எழுத்துகள். ஓர் உயிரியின் முழு டி.என்.ஏ. மரபுத்தொகுதி படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. (வைரஸ் உயிரியா என்று தயவுசெய்து யாரும் தொடங்காதீர்கள்.) படித்தபோது ஒரு விந்தை. அது செய்கிற புரதங்களை எல்லாம் கணக்கிட்டால், அந்த எழுத்துகள் போதவே போதாது. எப்படிச் சமாளிக்கிறது என்றால், ஒரே எழுத்துத் தொடரை ஓரிடத்தில் தொடங்கிப் படித்தால் ஒரு புரதம், ஓரெழுத்து தள்ளித் தொடங்கிப் படித்தால் வேறு புரதம். ஒரு மரபணுவின் வயிற்றுக்குள் இன்னொரு மரபணு.

இதைப் படித்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இது நம் பிரிமொழிச் சிலேடை! 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் மரப்பலகை, பிரித்தால் 'பல கை'. 'தாமரை' என்றால் பூ, 'தா மரை' என்றால் தாவும் மான். காளமேகம் செய்த வேலையை ஒரு வைரஸ் செய்துகொண்டிருக்கிறது, இடம் போதாத காரணத்தால். அதற்குப் பதவுரை எழுதிய உரையாசிரியர் சேங்கர்.

---

பியூரெட் வாத்தியார் | பிற்பகல் 4:26

இத்தனை ஆண்டுகள் இந்த உவமை இல்லாமல் பாடம் நடத்திவிட்டேனே!

---

தோட்டத்துப் பச்சை | மாலை 5:05

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. நிறுத்தத் தெரிந்தவர்.

1983-இல் 65 வயது. இரண்டாவது நோபல் வாங்கி மூன்றே ஆண்டுகள். செல்லுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை, மனிதருடையதை, 1981-இல் படித்து முடித்தார்கள், 16,569 எழுத்துகள். லாம்டா வைரஸ் 1982-இல், 48,502. உலகம் முழுதும் அழைத்திருக்கும், தலைவர் நாற்காலிகள் வரிசையில் நின்றிருக்கும். அவர் எழுந்து கேம்பிரிட்ஜை அடுத்த ஸ்வாஃபம் புல்பெக் கிராமத்து வீட்டுக்குப் போய்த் தோட்டம் போட்டார். ஆலோசகர், கௌரவப் பேராசிரியர் என்று ஆய்வகத்துக்குள் வந்துபோய்க்கொண்டு இருக்கவில்லை. டி.என்.ஏ. முறையோடு வேலை உச்சத்தைத் தொட்டுவிட்டது, இதற்கு மேல் இருந்தால் சப்பென்றாகிவிடும் என்று நினைத்ததாக எழுதினார். தன் இடத்தில் ஓர் இளைஞர் இருக்கலாமே என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

'சர்' பட்டத்தை வேண்டாம் என்றதும் இதே குணம்தான். அப்படி அழைத்தால் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவன் ஆகிவிடுவோம், எனக்கு அது வேண்டாம் என்றார். 1986-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற பிரிட்டிஷ் விருதை ஏற்றுக்கொண்டார், அதில் பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாது.

எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற அதிகாரிகளின் வாசல் பலகையைப் பார்த்தால் பதவி பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

---

சந்தேகப்பிராணி | மாலை 5:30

மன்னிக்கவும், பழக்கதோஷம். நிறுத்தியது நல்லதா? அந்த மூளை இன்னும் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தது. ரோஜாவுக்கு உரம் போட ஆயிரம் பேர் உண்டு.

---

பழைய ஜெல்காரன் | மாலை 5:52

மூளை என்கிறீர்கள். அவர் கை என்று சொல்வார். கடைசிவரை மேசையில் நின்று தானே சோதனை செய்தவர், குழுத் தலைவராக அறைக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர் இல்லை. கையால் வேலை செய்கிறவனுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று கைக்கே தெரியும். நான் ஐம்பத்தெட்டில் பிப்பெட்டைக் கீழே வைத்தேன், நடுக்கம் வந்துவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை, நானே வைத்தேன்.

அவர் ஒன்றும் இல்லாமல் போய்விடவுமில்லை. 1993-இல் ஹிங்ஸ்டனில் பெரிய மரபணு ஆய்வு மையம் தொடங்கியபோது அவர் பெயரை வைக்கட்டுமா என்று அதன் இயக்குநர் ஜான் சல்ஸ்டன் கேட்டார். சரி என்றவர், 'நன்றாக இருந்தால் சரி' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் படித்தது அந்த மையம்.

---

காவிரிக்கரையாள் | மாலை 6:40

திரும்ப வந்துவிட்டேன். காலையில் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களில் எலிசபெத் பிளாக்பர்ன் ஒருவர். எழுபதுகளில் அவருடைய ஆய்வகத்தில் ஃபை எக்ஸ் 174-இன் துண்டுகளைப் படித்தவர். அங்கே கற்ற கையோடு போய்க் குரோமோசோம் நுனிகளைப் படித்து 2009-இல் நோபல் வாங்கினார். வீட்டில் ஜோனுக்கு இல்லாத மேசை, ஆய்வகத்தில் இன்னொரு பெண்ணுக்கு இருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கைதான். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க எனக்கு விருப்பம் இல்லை.

2012-இல் ஜோன் மறைந்தார். 72 ஆண்டு மண வாழ்க்கைக்குச் சில மாதங்கள் குறைவு. சேங்கரும் அடுத்த ஆண்டே போய்விட்டார்.

---

முதுகலை இரண்டாமாண்டு | இரவு 7:30

அந்த ஆய்வகத்தில் இப்போது நம்மவர்கள் யாராவது உண்டா?

---

பியூரெட் வாத்தியார் | இரவு 7:55

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1999-இல் போய்ச் சேர்ந்தது சேங்கர் 1962 முதல் ஓய்வு பெறும்வரை இருந்த அதே மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில்தான். 2009-இல் அவருக்கும் வேதியியல் நோபல்.

அதைவிட நெருக்கமான உறவு இன்னொன்று. சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சங்கர் பாலசுப்ரமணியன், கேம்பிரிட்ஜ் வேதியியல் துறைக்காரர். அவரும் டேவிட் கிளெனர்மனும் 1990-களின் பிற்பகுதியில் யோசித்த முறையில்தான் இன்று கோடிக்கணக்கான டி.என்.ஏ. துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கிறார்கள். ஜெல்காரர் சொன்ன ரயிலையே எடுத்துக்கொள். சேங்கரின் கடைசிப் பெட்டிக்குக் கொக்கி நிரந்தரமாக இல்லை. இவர்களுடைய பெட்டியில் கொக்கியை மூடி வைத்திருக்கிறார்கள். பெட்டி மாட்டியதும் ரயில் நிற்கும், என்ன நிறம் என்று படம் எடுத்துக்கொள்வார்கள், மூடியைக் கழற்றுவார்கள், அடுத்த பெட்டி வரும். அந்த முறை வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு மாற்றத்தை உறுதிசெய்ய வேண்டுமானால் இன்றும் சேங்கர் முறையைத்தான் ஓட்டுகிறார்கள்.

---

பழைய ஜெல்காரன் | இரவு 8:48

பரணில் ஏறி இறங்கினேன். மனைவி திட்டினாள். என்னுடைய பிலிம் ஒன்று அகப்பட்டது, பழுப்பு உறைக்குள். ஓரம் சுருண்டிருக்கிறது, கோடுகள் அப்படியே இருக்கின்றன. குழல்விளக்குக்கு முன்னால் பிடித்துப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். தடங்கள் இடமிருந்து வலம்: ஜி, ஏ, டி, சி. முதுகலைத் தம்பி, கீழிருந்து பத்து எழுத்து படி பார்க்கலாம்.

---

முதுகலை இரண்டாமாண்டு | இரவு 9:14

படத்தைப் பெரிதாக்கி, அளவுகோலை வைத்துப் பார்த்தேன் ஐயா. டி, டி, ஏ, ஜி, சி, ஏ, ஜி, ஜி, டி, ஏ. சரியா?

---

பழைய ஜெல்காரன் | இரவு 9:21

ஏழாவதில் அவசரப்பட்டுவிட்டாய். 'ஜி' தடத்தில் இருப்பது இரண்டு கோடு இல்லை, மூன்று. நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு எழுத்து விட்டால் அதற்கு மேல் உள்ள புரதம் முழுதும் மாறிவிடும், பிற்பகலில் சந்தேகப்பிராணி சொன்ன சிலேடை போல. விளக்கை அணைத்துவிட்டு, திரையை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் அடியிலிருந்து வா.